ஒரே வீட்டில் இரண்டு ரூட்டர்: மாடிக்கும் சீராக நெட் வர எப்படி இணைப்பது?

‘கீழ சூப்பரா வருது, மாடி ஏறினா வைஃபை ஒரு கோடுதான் காட்டுது.’ ஃபைபர் இணைப்பு வாங்கிய தனி வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும் அயோத்தியாப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கோதண்டராமர் கோயிலுக்குப் பெயர் பெற்ற இந்தப் பேரூராட்சியில் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் என்று கட்டிய வீடுகளைப் பார்க்கலாம். கீழே அப்பா, அம்மா. மாடியில், பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளை. ஃபைபர் ஒயர் வந்து இறங்குவது என்னவோ கீழ் ஹாலின் ஜன்னல் ஓரம்.

இந்த நிலையில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: ‘பழைய ரூட்டர் சும்மாதானே கிடக்கு, அதை மாடியில மாட்டிடலாம்.’ யோசனை சரி. ஆனால் ஒரு கேபிளை எடுத்து இரண்டு பெட்டியிலும் செருகியதும், ‘நேத்து வரைக்கும் கீழயாச்சும் வந்துச்சு, இப்ப அதுவும் போச்சு’ என்ற நிலை வருவதும் உண்டு. காலை 10 மணி மீட்டிங் நடுவே அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு தலைமை ரூட்டர்தான் இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டி, ரூட்டர் வேலையை விட்டுவிட்டு சிக்னலை மட்டும் கொடுக்க வேண்டும்.

மாடிக்கு ஏன் சிக்னல் போவதில்லை?

வைஃபை என்பது ரேடியோ அலை. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இதை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2005-ல் அனுமதித்தது. மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இந்த அலைவரிசை வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில்.

2.4-க்கு வேகம் குறைவு, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5-க்கு வேகம் அதிகம், ஆனால் தடுப்பு வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். கம்பி கட்டி கான்கிரீட் போட்ட மேல்தளம் இரண்டுக்குமே எதிரி. இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை ஆகியவையும் சிக்னலைத் தடுக்கும். இன்னொன்று, ரூட்டரில் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா சிக்னலைப் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும். தலைக்கு நேர் மேலே குறைவாகவே போகும். ரூட்டருக்கு நேர் மேலே இருக்கிற பெட்ரூமில் சிக்னல் மோசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவுக்கு முன்னால் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: ரூட்டர் பக்கத்திலேயே நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். முடிந்தால் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அங்கேயே வேகம் குறைவு என்றால் பிரச்சினை இணைப்பில் இருக்கிறது. எத்தனை ரூட்டர் வாங்கி மாட்டினாலும் அது சரியாகாது. இரண்டாவது ரூட்டர் நெட்டின் வேகத்தைக் கூட்டாது. இருக்கிற வேகத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனை: ரூட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் உள்ளே, பீரோ பக்கத்தில் இருந்தால் வெளியே எடுத்து, படிக்கட்டு ஓரம் தோள் உயரத்தில் வையுங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாக சிக்னல் மேலே போக வாய்ப்பு அதிகம். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றைப் படுக்கை வசமாகச் சாய்த்துவிடுங்கள். சில வீடுகளுக்கு இதுவே போதும். போதவில்லை என்றால்தான் இரண்டாவது பெட்டி.

ரூட்டர் என்ற பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நாம் ரூட்டர் என்று வாங்குவது ஒரு பெட்டிதான் என்றாலும், அதற்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, வைஃபை சிக்னலைப் பரப்புவது. இந்த வேலையை மட்டும் செய்யும் கருவிக்கு ஆக்சஸ் பாயிண்ட் என்று பெயர்.

இரண்டு, வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் டிவிக்கும் ஓர் எண் கொடுப்பது. இதைச் செய்யும் பகுதியை டிஹெச்சிபி என்பார்கள். 192.168.1.5, 192.168.1.6 என்று வருவது அந்த எண்தான்.

மூன்று, வீட்டுக்குள் இருக்கிற எல்லாக் கருவிகளையும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகக் காட்டுவது. இதற்கு நேட் என்று பெயர். பழைய ஐபி முறையில் உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. ஆளுக்கு மூன்று கருவி வைத்திருக்கும் காலத்தில் அது எப்படிப் போதும்? அதனால்தான் 192.168 என்று தொடங்கும் எண்கள் உட்பட சிலவற்றை வீட்டுக்குள், ஆபீசுக்குள் மட்டும் பயன்படுத்த 1996-ல் ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் அதே 192.168.1.5 பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று மோதாது.

இரண்டாவது ரூட்டரிடம் நமக்குத் தேவை முதல் வேலை மட்டும்தான். மற்ற இரண்டையும் சேர்த்துச் செய்யும்போதுதான் தகராறு.

இரண்டு பேர் கதவு எண் கொடுத்தால்?

ஊரில் வீடுகளுக்குக் கதவு எண் கொடுப்பது பேரூராட்சி. அதே தெருவுக்கு இன்னோர் ஆபீசும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்தால் தபால்காரர் பாடு என்ன ஆகும்? இரண்டு டிஹெச்சிபி ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் நடப்பது அதுதான்.

போன் வைஃபையில் இணையும்போது, ‘எனக்கு ஓர் எண் வேணும்’ என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். பொதுவாக, முதலில் பதில் சொல்லும் ரூட்டரிடம் எண் வாங்கிக்கொள்ளும். ‘வெளியே போற வழி இதுதான்’ என்ற தகவலும் அதே பதிலில் வரும். பதில் சொன்னது கீழே உள்ள ரூட்டர் என்றால் நெட் வரும். மாடி ரூட்டர் முந்திக்கொண்டால், அது தன்னையே வழி என்று சொல்லும். ஆனால் அதன் வழியாக இணையத்துக்குப் போக முடியாது. போனில் ‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ என்று வரும். அம்மா போனில் நெட் வருகிறது, உங்கள் போனில் வரவில்லை, அணைத்துப் போட்டால் தலைகீழாக மாறுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு விதமாகவும் இணைக்கலாம். ரூட்டரின் பின்பக்கம் தனி நிறத்தில் ஒரு போர்ட் இருக்கும். இணையம் வந்து சேரும் அந்தப் போர்ட்டுக்கு வேன் என்று பெயர். வரிசையாக இருக்கும் மற்றவை லேன். கீழிருந்து வரும் கேபிளை மாடி ரூட்டரின் வேன் போர்ட்டில் செருகினால் பொதுவாக நெட் வந்துவிடும். ஆனால் இப்போது மாடி ஒரு தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். நேட் இரண்டு முறை நடக்கும். கீழே இருந்து மாடி டிவிக்கு வீடியோ அனுப்பப் பார்த்தால் டிவி பெயரே பட்டியலில் வராது. மாடி லேப்டாப் கீழே இருக்கும் வைஃபை பிரின்டரைத் தானாகக் கண்டுபிடிக்காது. சில ஆன்லைன் கேம்களும் தகராறு செய்யும். இரண்டு ரூட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று குழம்பி நெட்டே வராமல் போகலாம்.

சரியாக அமைப்பது எப்படி?

கீழே இருக்கும் ஃபைபர் பெட்டியை ‘தலைமை’ என்றும், மாடியில் வைக்கப்போவதை ‘துணை’ என்றும் வைத்துக்கொள்வோம். வேலையை ஆபீஸ் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. வைஃபையில் இணைந்த போனில் நெட்வொர்க் விவரங்களைத் திறந்து ‘கேட்வே’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் தலைமையின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சில நிறுவனப் பெட்டிகளில் 192.168.29.1 என்றும் வரும். இங்கே 192.168.1.1 என்று எடுத்துக்கொள்வோம்.

2. அந்த எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போய், டிஹெச்சிபி பகுதியில் எண்கள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். 192.168.1.2-லிருந்து தொடங்கினால் அதை 192.168.1.10 என்று மாற்றுங்கள். இப்போது 2 முதல் 9 வரை நம் கைவசம். செட்டிங்ஸ் பூட்டப்பட்டிருந்தால் இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி மாற்றச் சொல்லலாம்.

3. துணை ரூட்டரின் ரீசெட் பொத்தானை, மின்சாரம் இருக்கும்போதே, ஊசியால் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும். தலைமையுடன் இன்னும் இணைக்க வேண்டாம். லேப்டாப்பை மட்டும் அதன் லேன் போர்ட்டில் இணையுங்கள்.

4. அதன் செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். அதைத் தேர்வு செய்து, வைஃபை பெயர், பாஸ்வேர்டு கொடுத்து சேமித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நேராக 8-வது படிக்குப் போகலாம்.

5. அந்த மோடு இல்லாத பழைய ரூட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். இங்கே வரிசை முக்கியம். முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டை அமைத்துவிடுங்கள். ரூட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

6. அடுத்து லேன் செட்டிங்ஸில் ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பக்கம் அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம். லேப்டாப் கேபிளைக் கழற்றி மாட்டி, பிரவுசரில் புதிய எண்ணை அடித்து மறுபடி உள்ளே போங்கள்.

7. கடைசியாக டிஹெச்சிபியை அணைத்து, சேமித்து, லேப்டாப்பைக் கழற்றிவிடுங்கள்.

8. தலைமையின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை துணையின் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். ஆக்சஸ் பாயிண்ட் மோடு உள்ள ரூட்டர்களில் பொதுவாக வேன் போர்ட்டையே பயன்படுத்தலாம். மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘ரெண்டு கேபிள் போட்டா ரெண்டு மடங்கு வேகம் வருமே’ என்று இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டுவிடாதீர்கள். அனுப்பிய தகவலே வட்டமடித்துச் சுற்றி, மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

இந்த அமைப்பின் உயிர் கேபிளில் இருக்கிறது. கேட் 5இ அல்லது கேட் 6 வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும் என்பதால் மாடிக்குக் கொண்டுபோவது சிரமமே இல்லை. விலை குறைந்த சில கேபிள்களில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே மட்டும் செம்பு பூச்சு. வளைத்தால் உடையும், நாளாக நாளாக இணைப்பு தளரும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். ஒரு ஜோடி சரியாக கிரிம்ப் ஆகாவிட்டாலும் கிகாபிட் வேகம் வராது. பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். பழைய ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே கதைதான். 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்துக்கொண்டு மாடியில் 90-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் தறிக்கூடத்துக்கோ தோட்டத்து வீட்டுக்கோ நெட் வேண்டுமா? திறந்த வெளியில் செம்புக் கேபிள் இழுத்தால் இடி, மின்னல் நேரத்தில் இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டிகள் கருகக்கூடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபர் கேபிளும், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும்தான் பாதுகாப்பு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

ஒரே பெயரா, தனிப் பெயரா?

இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை வைத்தால், மாடி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான். சில போன்கள் கீழ்த்தள சிக்னலைக் கடைசி வரை விடாது. வீடியோ மீட்டிங்கில் இருந்தபடி மாடி ஏறினால் ஒரு நொடி திக்கலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால், மாடிக்குத் தனிப் பெயர் வைத்து அதில் மட்டும் இணைவது நிம்மதி.

சேனலைக் கட்டாயம் பிரியுங்கள். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. கீழே 1 என்றால் மாடிக்கு 6 அல்லது 11. 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மாடிக்கு 149 என்று வைக்கலாம். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும்.

கேபிள் போடவே முடியாது என்றால்?

ரிப்பீட்டர் என்ற சிறு கருவியை பிளக்கில் மாட்டலாம். ஆனால் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அதை மாட்டுவதில் பலரும் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டுவது. கேட்க முடியாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும்.

மெஷ் என்று விற்கப்படும் செட், இரண்டு மூன்று பெட்டிகளை ஒரே ஆப்பில் நிர்வகிக்க வசதியானது. விலை கூடுதல். அதையும் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் ‘ரூட்டர் மோடில்’ வைத்தால் நேட் இரண்டு முறை நடக்கும் என்பதால், ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். மெஷ் பெட்டிகளுக்கு நடுவிலும் கேபிள் போட முடிந்தால் பலன் இன்னும் அதிகம்.

மாடியில் குடித்தனக்காரர் இருந்தால்?

இதுவரை சொன்னது ஒரே குடும்பத்துக்கு. மாடியை வாடகைக்கு விட்டு, ‘நெட்டும் நம்மளோடதே யூஸ் பண்ணிக்கோங்க’ என்று சொல்லியிருந்தால் யோசிக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் மோடில் எல்லாக் கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும். உங்கள் சிசிடிவி, பிரின்டர், டிவி எல்லாம் அவர்கள் போனிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும்.

‘அப்ப வேன் போர்ட்ல போட்டுப் பிரிச்சுட்டா?’ இதில் ஒரு பொறி உண்டு. அப்படிச் செய்தால், துணை ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் அவர்களுடைய கருவிகள் உங்களிடமிருந்து மறையும். உங்களுடையவை அவர்களிடமிருந்து மறையாது. வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது குடித்தனக்காரருக்கு மட்டும் பாதுகாப்பாக முடியும். தலைமை ரூட்டரின் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ வசதியில் அவர்களை இணைப்பது நல்லது. அதைவிட நல்லது, அவர்கள் பெயரில் தனி இணைப்பு. ஏதாவது தவறான பயன்பாடு நடந்து விசாரணை வந்தால், முதலில் தேடப்படுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

யாரோடு பகிர்ந்தாலும் பகிராவிட்டாலும், ‘அட்மின், அட்மின்’ என்ற தொடக்க பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். 2016-ல் உலகின் பெரிய இணையதளங்களைத் திணறவைத்த மிராய் என்ற வைரஸ், இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகள் வழியாகத்தான் கேமராக்களிலும் ரூட்டர்களிலும் நுழைந்தது. நிறுவனமே அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட மிகப் பழைய ரூட்டரை மாடிக்கு ஏற்றுவதைவிட, புதிதாக ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம்.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் கரண்ட் போனால் மாலைதான் வரும். மாடியில் இன்வெர்ட்டர் ஓடினாலும், கீழே இருக்கும் ஃபைபர் பெட்டி அணைந்துவிட்டால் நெட் வராது. சங்கிலியில் இருக்கும் எல்லாப் பெட்டிக்கும் பேக்கப் வேண்டும். ரூட்டருக்கென்றே வரும் மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துப் பொருத்தமாக வாங்குங்கள். 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் செருகினால் பெட்டி பழுதாகலாம்.

எல்லாம் சரியா என்று எப்படித் தெரியும்?

மாடி வைஃபையில் இணைந்து போனின் நெட்வொர்க் விவரத்தைப் பாருங்கள். கேட்வே 192.168.1.1 என்று தலைமையின் முகவரியையே காட்ட வேண்டும். கீழே இணைந்து பார்த்தாலும் அதே எண் வர வேண்டும். மாடியில் மட்டும் வேறு எண் வந்தால், துணை இன்னும் தலைமை வேலையை விடவில்லை என்று அர்த்தம். டிஹெச்சிபி அணைந்ததா, கேபிள் லேன் போர்ட்டில்தான் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. துணை ரூட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதன் முகவரியையும் ‘டிஹெச்சிபி அணைக்கப்பட்டது, வேன் போர்ட் காலி’ என்பதையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் பழுது பார்க்க வருபவர் காலியாக இருக்கும் போர்ட்டைப் பார்த்து, ‘ஒயரைத் தப்பா மாட்டியிருக்காங்க’ என்று மாற்றிவிட்டுப் போகாமல் இருக்க அது உதவும். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் அப்பாவோ அம்மாவோ போன் செய்து ‘மேல நெட் வரலைப்பா’ என்று சொன்னால், அந்த ஸ்டிக்கரைப் படித்துக் காட்டச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.